கழற்றக்கூடிய கட்டடம், குருவி தங்கும் சுவர்: வாசகர் கேள்வி பதில்

பழைய கட்டடப் பொருள்களை மீண்டும் பயன்படுத்துவது பற்றியும், கட்டடங்களில் பறவைக்கும் செடிக்கும் இடம் விடுவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஐம்பது வயதாகிறது. இதை இடித்துவிட்டு, சூரிய மின்தகடு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், மின்சாரம் மிச்சமாகும் சாதனங்கள் எல்லாம் கொண்ட ‘பசுமை வீடு’ கட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார் எங்கள் கட்டுமானப் பொறியாளர். இடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வது சரிதானா?

பதில்: உங்கள் தயக்கத்தில் பாசம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. குடியேறிய பிறகு வரும் மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத் தோன்றும். ஆனால் அந்தப் புதிய வீட்டில் ஒரு விளக்குகூட எரிவதற்கு முன்பே, அதற்கான சிமெண்டையும் கம்பியையும் கண்ணாடியையும் செய்த ஆலைகளிலிருந்து வெளியேறிய கரியமில வாயு அந்த வீட்டின் கணக்கில் ஏறிவிடுகிறது. இதைப் பொதிந்த கார்பன் என்பார்கள். மின்கட்டணத்தைப் பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம். பொதிந்த கார்பனைத் திரும்பப் பெற வழி கிடையாது.

சிமெண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது, அந்தக் கல்லுக்குள் பிணைந்திருந்த கரியமில வாயு பிரிந்து வெளியேறுகிறது. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் வாயுவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது என்பதால், எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு அப்படியே நிற்கும். உலகம் முழுவதிலும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டின் பங்கு.

ஒரு வீட்டில் இந்தச் சுமை எங்கே அதிகம் இருக்கிறது என்று பார்த்தால், அஸ்திவாரத்திலும் தூண்களிலும் உத்திரங்களிலும் தளங்களிலும்தான். ஐம்பது ஆண்டுகளில் பெரும்பாலும் கெட்டுப்போவதோ வயரிங், குழாய், மேல்தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு, ஜன்னல் ஆகியவை. கெட்டவற்றை மாற்றுவதற்காகக் கெடாதவற்றையும் சேர்த்து உடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் பட்டியலிட்ட சூரிய மின்தகட்டையும் ஜன்னலையும் இப்போதுள்ள வீட்டிலேயே பொருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற குடியிருப்பில் 1960களில் எழுந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள், இடிபடாமல் இப்படித்தான் தப்பின. ஆன் லகாத்தோன், ழான் பிலிப் வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் தங்கள் கூட்டாளிகளுடன் சேர்ந்து, பழைய முகப்பை மட்டும் திறந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே 3.8 மீட்டர் ஆழமுள்ள கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. வெளிச்சமும் இடமும் கூடின; குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் தேவை குறைந்தது. இதே எண்ணம் உயரமான கட்டடங்களிலும் பலித்திருக்கிறது. சிட்னியில் 1976-ல் கட்டிய ஓர் அலுவலகக் கோபுரத்தின் தூண், உத்திரம், தளம் ஆகியவற்றில் சுமார் 65 சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 2022-ல் குவே குவாட்டர் டவர் என்ற பெயரில் அதை விரிவுபடுத்தி முடித்தார்கள்.

இடிப்பது தவிர்க்க முடியாத நேரமும் உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து, வீங்கி, காரையைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டே போகிறது என்றாலோ, அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்றாலோ, உயிருக்கு ஆபத்து என்பதால் பிடிவாதம் கூடாது. ஆனால் அந்த முடிவைப் புதிய வீடு கட்டித் தரவிருப்பவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். புது வேலையில் ஆதாயம் இல்லாத வேறொரு பொறியாளரைக் கொண்டு கம்பியையும் கான்கிரீட்டையும் சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் செங்கல், மரம், இரும்பு ஆகியவற்றின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: செங்கல்லில் இருந்து தொடங்குகிறேன். ஒரு கல்லை உள்ளங்கையில் ஏந்தி, இன்னொரு கல்லால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த கல். மொத்தென்று அடங்கிய ஓசை வந்தால், சரியாக வேகாமல் இருக்கலாம் அல்லது உள்ளே விரிசல் இருக்கலாம். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், உலர்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால், அந்தக் கல்லை மழை படும் சுவரில் வைக்க வேண்டாம்.

கல்லின் தரத்தைவிட முக்கியமானது, அதைப் பிடித்திருக்கும் காரை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைப் பிரிக்கும் வேலையில் ஒருமுறை ஒரு கொத்தனாருக்குப் பக்கத்தில் அமர்ந்து நானும் கல் சுத்தம் செய்தேன். சிறிய சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு. பழைய காரை பொருக்குபோல உரிந்து விழுந்தது. ஒரு கல்லின் முகத்தில், அதை அச்சிலிருந்து எடுத்தவரின் மூன்று விரல் தடங்கள் பதிந்திருந்தன. அந்தக் கல்லைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன்.

சிமெண்ட் காரையில் இது நடக்காது. அது கல்லைவிடக் கடினமாக இறுகிவிடுவதால், தட்டினால் முதலில் உடைவது கல்தான். கோபன்ஹேகனில் 2019-ல் முடிந்த ரிசோர்ஸ் ரோஸ் என்ற குடியிருப்பை வடிவமைத்த லெண்டேயர் நிறுவனத்துக்கும் இதே சிக்கல் வந்தது. பழைய மதுபான ஆலைக் கட்டடங்களின் சுவர்களில் இருந்த செங்கற்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல், சுவரையே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்களாக அறுத்தெடுத்து, அவற்றை அடுக்கிப் புதிய முகப்பை அமைத்தார்கள். நிறமும் வரிசையும் வேறுபட்ட அந்தச் சதுரங்கள் ஒட்டுத்துணிபோலக் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. ஆனால் அது வைர ரம்பமும் பாரந்தூக்கியும் இருந்தால் மட்டுமே சாத்தியமாகும் வழி. சுண்ணாம்புக் காரை என்றால் ஒரு சுத்தியல் போதும்.

மரத்தைப் பொறுத்தவரை, பல ஆண்டுகள் உலர்ந்து முடிந்த மரம் இனி எளிதில் முறுக்கிக்கொள்ளாது என்பதே அதன் பெரிய பலம். சுவருக்குள்ளும் தரையோடும் புதைந்திருந்த முனைகளைக் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள்; ஊசி எளிதாக இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி, ஒடிந்து உள்ளே நிற்கும் ஆணிகளை எடுத்துவிடுவது ரம்பத்துக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

இரும்பு உத்திரங்களில் மட்டும் கண்ணை நம்பக் கூடாது. வளைவும் துருவின் ஆழமும் பார்த்தால் தெரியும்; வலிமை தெரியாது. ஒரு சிறு துண்டை வெட்டி ஆய்வகத்தில் இழுத்துச் சோதித்து, அந்த எண்ணைக் கொண்டு பொறியாளர் கணக்குப் போட்ட பிறகே பாரத்தை ஏற்ற வேண்டும்.

கேள்வி: கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்குவதும் மறுபயன்பாடுதானே?

பதில்: அதை மறுசுழற்சி என்று சொல்லலாம், மறுபயன்பாடு என்று சொல்ல மாட்டேன். வலிமையான ஒரு தளத்தை ஜல்லியாக உடைக்கும்போது, அதைத் தளமாக்கிய சிமெண்டின் வேலை முழுவதும் வீணாகிறது. புதிய கான்கிரீட்டுக்கு மீண்டும் சிமெண்ட் வேண்டும். அந்த ஜல்லியின்மீது ஒட்டியிருக்கும் பழைய காரை அதிகத் தண்ணீரை உறிஞ்சுவதால், தாங்கும் கட்டமைப்புகளில் ஒரு பங்கு மட்டுமே சேர்க்கிறார்கள்; பெரும்பகுதி சாலைக்கு அடியில் போகிறது. குப்பையாகக் கொட்டுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘இடிபாட்டில் இவ்வளவு சதவீதத்தை மறுசுழற்சி செய்தோம்’ என்று யாராவது பெருமையோடு அறிவித்தால், அதில் ஜல்லி எவ்வளவு, முழு உருவத்தோடு வெளியே வந்த பொருள் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய பொருள்களில் எவற்றைத் தொடவே கூடாது?

பதில்: ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் முதலிடம் பெறுகிறது. கூரைத் தகடு, குழாய், குழாயைச் சுற்றிய உறை, பழைய தரைவில்லை என்று பல இடங்களில் அது ஒளிந்திருக்கும். உடைந்தால் பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியவை. அதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அகற்ற வேண்டும். பழைய கதவு, ஜன்னல்களின் வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்து நிச்சயமாகத் தேய்க்காதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை எரிக்கவும் கூடாது, வீட்டுக்குள் வைக்கவும் கூடாது.

பழைய மின்கம்பிகளையும் சுவிட்சுகளையும் உலோகத்துக்காகக் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை இழுத்தால் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டும் பழைய கழிப்பறைத் தொட்டியைப் பாதுகாத்துப் பயனில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை வெளிச்சுவரில் வைப்பதைவிட, இரண்டு அறைகளுக்கு நடுவில் வெளிச்சத்துக்காக வைக்கலாம். பொருளைக் காப்பாற்றுவதாக எண்ணி, தண்ணீரையும் மின்சாரத்தையும் நாள்தோறும் இழப்பது சரியான கணக்காகாது.

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவி. பழைய பொருள்களைக் கொண்டு கட்டுவதென்றால், என்ன பொருள் கிடைக்கும் என்றே தெரியாமல் எப்படி வரைபடம் போடுவது?

பதில்: நீங்கள் இப்போது பயிலும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். முதலில் பொருள், பிறகு வரைபடம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பழைய தொழிற்கூடம் ஒன்றின்மேல் மூன்று மாடிகளை ஏற்றிக் கட்டிய கே.118 என்ற கட்டடம் 2021-ல் முடிந்தது. பாசல் நகரில் பிரித்த ஒரு கட்டடத்தின் இரும்பு உத்திரங்களும், சூரிக் நகரில் இடிக்கவிருந்த ஓர் அலுவலகத்தின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டும் அதில் இருக்கின்றன. மாடிகளின் உயரத்தைத் தீர்மானித்தது அந்தப் படிக்கட்டுதான். ஏனென்றால் படிக்கட்டை நீட்டவோ குறுக்கவோ முடியாது. ஜன்னல்கள் வெவ்வேறு கட்டடங்களிலிருந்து வந்தவை என்பதால் அளவுகளும் வெவ்வேறாகவே இருக்கின்றன. முழுவதும் புதிய பொருளில் கட்டியிருந்தால் வெளியாகியிருக்கும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் இதனால் மிச்சமானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சீனாவின் நிங்போ நகரில் 2008-ல் திறந்த வரலாற்று அருங்காட்சியகத்தின் சுவர்களைப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் இடித்த கிராமங்களின் ஓடுகளையும் கற்களையும் கொண்டு வாங் ஷு, லு வென்யூ தம்பதியர் அவற்றை எழுப்பினார்கள். புயலில் விழுந்த வீட்டைக் கையில் அகப்பட்ட ஓட்டையும் கல்லையும் கலந்து விரைவாகக் கட்டிக்கொள்ளும் ‘வாபான்’ என்ற மரபு முறை அந்தப் பகுதியில் இருந்தது. எந்த ஓடு எங்கே என்று வரைபடத்தில் குறிக்க முடியாதல்லவா? அந்தத் தீர்மானத்தைச் சாரத்தில் நின்ற கொத்தனார்களின் கைக்கு விட்டார்கள். வரைபவர் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதை ஒத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் கடினமான பாடம் என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் உங்களுக்குத் தடையாக நிற்கப்போவது அழகு அல்ல, காலமும் இடமும். ஓரிடத்தில் கட்டடம் இடியும் நாளும், இன்னோரிடத்தில் அதே பொருள் தேவைப்படும் நாளும் பொருந்தி வருவது அரிது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பொருளை நனையாமல் வைக்க ஒரு கொட்டகை வேண்டும். இடிப்பவருக்கு ஒரு வாரம் கொடுத்தால் இயந்திரம் வைத்து நொறுக்குவார். ஒரு மாதம் கொடுத்தால் பிரித்துக் கொடுப்பார். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016-ல், 1916-க்கும் அதற்கு முன்பும் கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால்தான் பிரிக்க வேண்டும் என்று விதித்து, பிறகு அந்த வரம்பை 1940 வரை நீட்டியது. மற்ற நகரங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: மொட்டை மாடியில் செடி வளர்ப்பது, சுவரில் செடி வளர்ப்பது: இரண்டில் எது இயற்கைக்கு அதிகம் உதவும்?

பதில்: மாடி என்பதே என் பதில். செங்குத்தான சுவரில் சிறு சிறு பைகளில் நட்ட செடிகள் இயந்திரம் ஊட்டும் தண்ணீரை நம்பி இருப்பவை. பம்பு நின்றால் சில நாள்களில் வாடிவிடும். சுவரில் பசுமை வேண்டுமென்றால், தரையில் வேரூன்றிய ஒரு கொடியைக் கம்பிவலையில் ஏற்றிவிடுங்கள். செலவும் பராமரிப்பும் மிகக் குறைவு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் புதிய தட்டைக் கூரைகளில் செடி வளர்ப்பதை 2002 முதல் கட்டாயமாக்கியது. பச்சை விரிப்புபோல ஒரே சீராக மண்ணைப் பரப்புவதைவிட, சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் மெல்லியதாகவும், அந்த வட்டாரத்து மண்ணையும் சரளையையும் கொட்டினால் வண்டு, சிலந்தி வகைகள் அதிகம் வருவதாக அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. பழைய பொருளை மீண்டும் பயன்படுத்துவதும் உயிர்களுக்கு இடம் விடுவதும் இங்கேதான் ஒன்று சேர்கின்றன: இனிச் சுவரில் வைக்க முடியாத உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, உளுத்த மரக்கட்டை ஆகியவை மாடியில் அப்படிப்பட்ட மேடுகளுக்கு ஏற்ற பொருள்கள். ஓட்டின் அடியில் ஈரம் தங்கும். கட்டையில் வண்டு குடியிருக்கும். சுத்தமான துண்டுகளாக மட்டும் இருக்கட்டும்.

ஆனால் 10 செ.மீ. ஆழமுள்ள ஈர மண் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். பழைய தளம் அதைத் தாங்குமா என்று பொறியாளர் சொல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட ஏற்றாதீர்கள்.

கேள்வி: வீட்டைப் புதுப்பித்து, விரிசல்களையெல்லாம் அடைத்து வண்ணம் பூசினோம். அதன்பிறகு வழக்கமாக வரும் குருவிகள் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பழைய கட்டடத்தின் இடுக்குகளை நாம் பழுது என்கிறோம், குருவிக்கு அது வீடு. உழவாரன் குருவிகள் ஆண்டுதோறும் அதே துளைக்குத் திரும்பி வருபவை. வந்து பார்க்கும்போது துளை அடைபட்டிருந்தால், அந்த ஆண்டு முட்டையிடாமலே போகவும் கூடும். மழைநீர் இறங்கும் விரிசலை அடைக்கத்தான் வேண்டும். அதற்கு ஈடாக, சுவரிலேயே செங்கல்லின் இடத்தில் பொருத்தும், பறவை கூடு கட்ட உள்ளே வெற்றிடம் உள்ள கூட்டுக்கல் வைக்கலாம். உழவாரனுக்கு 65 மி.மீ. அகலமும் 30 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரமும் உள்ள வாசல் போதும். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை. கொதிக்கும் வெயில் படாத பக்கம், உயரமான இடம், எதிரே பறந்து வரத் திறந்த வெளி ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள புதிய கட்டடங்களில் இத்தகைய கல்லை வைக்கச் சொல்கிறது. இனி பழுது பார்ப்பதாக இருந்தால், குஞ்சுகள் பறந்து போன பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஓர் இடுக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பாலத்தைச் சொல்வேன். 1980-ல் அதைப் புதுப்பித்தபோது, அடியில் இருந்த கான்கிரீட் இணைப்புகளில் 2 முதல் 4 செ.மீ. வரை அகலமுள்ள நீண்ட இடைவெளிகள் உண்டாயின. வௌவால்களுக்காக யாரும் அவற்றை விடவில்லை. ஆனாலும் வௌவால்கள் வந்து தங்கின. மக்கள் முதலில் பயந்து விரட்டச் சொன்னார்கள். இன்று கோடைக்காலத்தில் சுமார் 15 லட்சம் வௌவால்கள் அங்கிருந்து அந்தியில் புறப்பட்டுப் பூச்சிகளைத் தின்னப் போவதைப் பார்க்க அதே மக்கள் கூடுகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய கண்ணாடிச் சுவர் வைத்திருந்தால், வெளிப்பக்கத்தில் 5 செ.மீ.க்கு ஒன்றாகப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மையான வானம் என்று நம்பி மோதிச் சாகும் பறவைகள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரை இருக்கலாம் என்று 2014-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குருவியைச் சுவருக்கு அழைத்துவிட்டு, ஜன்னலில் அதைச் சாகவிடக் கூடாது.

கேள்வி: பழைய ஜன்னல் சட்டங்களை வாங்கி வைத்திருக்கிறோம். ஆணித் துளைகளையெல்லாம் மக்கு வைத்து அடைக்க வேண்டுமா?

பதில்: வெளிப்பக்கம் மழை படாத துளைகளை விட்டுவைக்கலாம். 6 முதல் 8 மி.மீ. அளவுள்ள துளைகளில் தனித்து வாழும் தேனீக்கள் மகரந்தம் வைத்து, முட்டையிட்டு, துளையின் வாயை ஈரமண்ணால் அடைத்துவிட்டுப் போகும். அவை கூட்டமாக வந்து கொட்டுவதில்லை. நான் பழைய மரத்தில் செய்த ஒரு சட்டத்தில் அப்படி மண் பூசிய மூன்று துளைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் விட்டுவிட்டுத்தான் எண்ணெய் தடவுகிறோம்.

கேள்வி: நாங்கள் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து எங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் பிரித்தால் பொருள்கள் பயன்பட வேண்டும். இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. ஒட்டுவதைக் குறைத்து, பூட்டுவதைக் கூட்டுங்கள். பசை போட்டு ஒட்டிய பலகையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். திருகாணி போட்ட பலகையைக் கழற்றி எடுக்கலாம். இரும்பு உத்திரங்களைப் பற்றவைப்பதைவிட போல்ட் போட்டு இணைக்க முடியுமா என்று கேளுங்கள். பாரம் குறைந்த சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை போதுமா என்று கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் பேசுங்கள். குழாயையும் வயரையும் சுவருக்குள் புதைக்காமல், திறந்து பார்க்கும் வழியில் கொண்டு போனால், அவை கெடும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது. அளவுகளை வித்தியாசத்துக்காக மாற்றாமல், எல்லா அறைகளிலும் ஒரே அளவு ஜன்னல் வையுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தும்.

அதோடு, எழுதி வையுங்கள். என் அனுபவத்தில், பிரிக்கும் நாளில் நல்ல உத்திரங்கள் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், அது என்ன இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று சொல்ல யாரும் இல்லாததுதான். நெதர்லாந்தில் மடாஸ்டர் என்ற அமைப்பு கட்டடப் பொருள்களுக்குக் கடவுச்சீட்டுபோல விவரப் பதிவு செய்து வைக்கிறது. உங்கள் வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வரைபடத்தின் ஒரு நகலையும் பொருள்களை வாங்கிய ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். மேல்கூரை மூடுவதற்கு முன், ஒவ்வொரு உத்திரத்தின் பக்கவாட்டிலும் அதன் நீளம், தரம், ஆண்டு ஆகிய மூன்றையும் அழியாத வண்ணத்தில் எழுதச் சொல்லுங்கள்.